பழம்படங்கள் பகரும் சான்று: விமானமும் மோட்டார் வண்டியும்

வரலாற்றுக்குச் சான்றாவன யாவை என வினவினால், கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, நாணயம், பிறநாட்டார் குறிப்பு என விடையிறுத்தல் மரபு. முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் யாழ்ப்பாணத்துப் பண்டை வரலாற்றை இத்தகைய சான்றுகளைக் கொண்டே ஆராய்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இவற்றின் வேறான சான்றொன்றும் உண்டு. வீட்டுச் சுவரில் மங்கித் தொங்குவதும், அலுமாரியின் அடித்தட்டில் கேட்பாரின்றிக் கிடப்பதுமான புகைப்படமே அது.

அப்படங்களுள்ளும் விமானமோ மோட்டார் வண்டியோ இடம்பெற்றவை தனிச் சிறப்புடையன. செல்வர் தம் பெருமை தோன்ற எடுத்துவைத்த வேடிக்கைப் படங்கள் என அவற்றை ஒதுக்குதல் பிழையாகும். ஒருவர் உடுக்கும் வேட்டியும் சால்வையும் ஐம்பது ஆண்டு கழிந்தும் மாறாதிருக்கலாம். நாற்சார் வீடு நூறாண்டு நிலைத்து நிற்கலாம். எந்திரமோ அத்தகையதன்று. அஃது எத்தொழிற்சாலையில் எவ்வாண்டில் எவ்வடிவில் ஆக்கப்பட்டது என்பது திட்டமாக அறியக் கூடியது. ஆதலின், படத்தில் உள்ள எந்திரம் பிறந்த ஆண்டுக்கு முன் அப்படம் பிறந்திருத்தல் இயலாது. இவ்வெளிய விதியே பெயரும் தேதியும் அற்ற படத்தை வரலாற்று ஆவணமாக மாற்றவல்லது.

எந்திரப் புகைப்படங்களுள் தலையாயது, அமெரிக்காவின் கிற்றி ஹோக் கடற்கரையில் 1903 டிசெம்பர் 17ஆம் திகதி எடுக்கப்பட்டதாகும். ஓர்வில் றைற் விமானத்தின்மீது குப்புறக் கிடக்கின்றார். தமையன் வில்பர் அருகே ஓடி நிற்கின்றார். விமானமோ நிலத்தை விட்டெழுந்து விட்டது. அப்பறப்பு நீடித்தது 12 செக்கன். கடந்த தூரம் 120 அடி. படப்பெட்டியை ஓர்வில் முன்னரே நிறுத்தி வைத்திருந்தார். உரிய வேளையில் அதனை இயக்கியவர் உயிர்காப்பு நிலையத்தைச் சேர்ந்த ஜோன் டானியல்ஸ் என்பவர். 1913ஆம் ஆண்டில் டேற்றன் நகரைச் சூழ்ந்த வெள்ளத்தில் அக்கண்ணாடித் தகட்டின் ஒரு மூலை பழுதுற்றது. உருவம் மட்டும் தப்பியது. மனிதன் பறந்தமைக்குரிய சான்று எத்துணை நூலிழையில் உயிர் பிழைத்தது என்பதை எண்ணினால், ஒரு படத்தைப் பேணுதலின் அருமை புலனாகும்.

படத்தைப் பேணினால் மட்டும் போதாது. அதனைப் படிக்கவும் அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டு லார்ற்றீக் என்பார் இளமையில் எடுத்த பந்தயக் கார்ப் படம் உலகப் புகழ் வாய்ந்தது. அதில் காரின் சில்லு வட்டமாக இல்லாது முட்டை வடிவாக முன்னோக்கிச் சாய்கின்றது. பார்வையாளரோ பின்னோக்கிச் சாய்கின்றனர். உண்மையில் சில்லும் சாயவில்லை, மனிதரும் சாயவில்லை. அக்காலப் படப்பெட்டியின் மூடியில் இருந்த ஒடுங்கிய பிளவு, படத்தகட்டைக் கடந்து செல்லச் சிறிது நேரம் எடுத்தது. அதற்கிடையில் கார் முன்னேறிவிட்டது; படம் பிடித்தவர் பெட்டியையும் திருப்பிக்கொண்டிருந்தார். சாய்வின் காரணம் இதுவே. அப்படம் 1912ஆம் ஆண்டினது என நெடுங்காலம் கருதப்பட்டது. காரின் இனத்தைச் செவ்வையாக ஆராய்ந்த பின்னரே 1913ஆம் ஆண்டினது எனத் திருத்தப்பட்டது. படம் பிடித்தவரின் நினைவு தவறியவிடத்தும் படத்தில் இருந்த எந்திரம் உண்மை உரைத்தது.

விமானமும் காரும் ஒருங்கு வைத்து ஆராயத்தக்கன என்பதற்கு அவற்றின் பிறப்பே காரணமாகும். 1909 யூலை 25ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோ, மோட்டார் வண்டிகளுக்கு முன்விளக்குச் செய்து விற்றுப் பொருளீட்டியவர். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் சாள்ஸ் றோல்ஸ் கார் வணிகராயும் விமானியாயும் விளங்கி, 1910ஆம் ஆண்டில் விமான விபத்தில் உயிர் துறந்தார். சென்னையிலும் இவ்வுறவு காணப்படுகின்றது. அங்கு ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர், வண்டிகள் கட்டுவதிற் பெயர்பெற்ற சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் ஒன்றை ஆக்குவித்து, 1910ஆம் ஆண்டில் பறக்கச் செய்தார் எனச் சென்னை வரலாற்றை விரிவாக எழுதிய எஸ். முத்தையா எடுத்துக் காட்டியுள்ளார்.

இலங்கையில் முதல் மோட்டார் வண்டி இறங்கியது 1902ஆம் ஆண்டிலாகும். விமானம் வந்தது அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தாகும். ஜெர்மானியரான பிரான்ஸ் ஒஸ்ரர் கொழும்பில் பறக்க முயன்று விபத்துக்குள்ளானார். 1912 டிசெம்பரில் பிரெஞ்சுக்காரரான மார்க் பூர்ப், ஜோர்ஜ் வெர்மிங்க் ஆகிய இருவரும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து வெற்றியுடன் பறந்து காட்டினர். அந்நாளில் விமானம் ஒரு காட்சிப்பொருள், பயணத்துக்குரிய ஊர்தியன்று. இரத்மலானை விமானத்தளத்தில் 1935 நவம்பரில் முதல் விமானம் இறங்கியமையும், 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் விமான அஞ்சல் கொழும்பை அடைந்தமையும் அந்நிலையை மாற்றின.

இரண்டாம் உலகப் போர், இந்நாட்டிலும் தென்னிந்தியாவிலும் பல ஓடுபாதைகளை விட்டுச் சென்றது. போர் முடிந்தபின் அவை அடைந்த கதி வெவ்வேறாகும். களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் நின்ற தளம், பின்னர் மோட்டார்ப் பந்தயத் திடலாயிற்று. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஓடுபாதைக்கும் அதே கதி வாய்த்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்ரன் பந்தயப் பாதையும் போர்க்கால விமானத்தளமே. அக்காலப் பந்தயப் படங்களில் எம்.ஜி. இனக் கார்கள் இருப்பின் காலங்கணித்தல் எளிதாம். உயர்ந்து மெலிந்த கம்பிச் சில்லுகளையுடைய ரி.சி. வகை 1945 முதல் 1949 வரை ஆக்கப்பட்டது. சிறிய தகட்டுச் சில்லுகளையுடைய ரி.டி. வகை அதன்பின் வந்தது. சில்லை நோக்கியே படத்தின் காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த பலாலித் தளம் வேறு வழியிற் சென்றது. அது பந்தயத் திடலாகாது பயணிகள் துறையாயிற்று. சேர் ஜோன் கொத்தலாவலை போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த காலத்தில் தோன்றிய எயர் சிலோன், 1947 டிசெம்பர் 10ஆம் திகதி தன் முதற் பயணத்தை நடத்திற்று. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை எனப் பெயர்பெற்ற இத்தளத்தில் இறங்கிச் சென்னை சென்றது. நாடு சுதந்திரம் அடைவதற்கு இரு மாதங்கூட இருக்கவில்லை. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்பன அந்நிறுவனத்தின் முதல் மூன்று டக்கோட்டாக்களின் பெயர்களாம்.

டக்கோட்டா அருகே நின்று எடுத்த படத்தை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். அவ்விமானம் மூக்கை உயர்த்தி வாலைத் தாழ்த்தி நிற்கும். பயணிகள் சரிவான நடைவழியில் ஏறியே ஆசனத்தை அடைவர். அதன் மூலவடிவம் முதன்முறை பறந்தது 1935 டிசெம்பர் 17ஆம் திகதி; றைற் சகோதரர் பறந்து சரியாக 32 ஆண்டுகள் கழிந்த நாள். அத்துணைக் குறுகிய காலத்தில் 12 செக்கன் பறப்பு, கடல் கடந்து மக்களைச் சுமக்கும் பறப்பாயிற்று. மேலும், அத்தகைய படம் குடாநாட்டின் நோக்குத் திசையையும் காட்டுகின்றது. புகைவண்டிப் பாதை 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு பிணைத்தது. விமானமோ தெற்கோடு மட்டுமன்றி, பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தமிழகத்தோடும் பிணைத்தது. தோணிகள் பன்னூறாண்டு சென்ற வழியை அது வானிற் புதுப்பித்தது எனலாம்.

மோட்டார் வண்டிப் படங்கள் உரைக்கும் செய்தி வேறு. குடாநாட்டில் 1950களில் பெருகியவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலக் கார்களே. மொறிஸ் மைனரின் முன்கண்ணாடி இரு துண்டாக இருப்பின் அது 1956ஆம் ஆண்டின் மாற்றத்துக்கு முன் ஆக்கப்பட்டது; ஒரே துண்டாக வளைந்திருப்பின் அதன் பின்னது. கண்ணாடியினும் கூர்மையான சான்று இலக்கத் தகடாகும். முன்னர் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தகடுகளில் வழங்கின. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து இயக்கம் நடத்திற்று. சிங்கள எழுத்தின் இடத்தில் தமிழ் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினோர் பலர். 1958ஆம் ஆண்டில் ஸ்ரீ எழுத்துடைய பஸ் வண்டிகள் வடபகுதிக்கு அனுப்பப்பட்டபோது அக்கிளர்ச்சி மீண்டும் மூண்டது. ஆதலின், அக்காலக் கலியாணப் படமொன்றில் மாலை சூட்டிய காரின் தகட்டில் தமிழ் எழுத்துக் காணப்படின், அது வெறுங் கலியாணப் படமன்று. ஓர் உரிமைப் போராட்டத்தின் சாட்சியுமாகும். மணமக்களை மட்டும் வெட்டியெடுத்துத் தகட்டை எறிந்துவிடுவோர், வரலாற்றையே எறிந்துவிடுகின்றனர்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். காரருகே நிற்பவர் அதன் சொந்தக்காரர் என முடிவு செய்தல் கூடாது. கலியாணத்துக்கு வாடகைக்கு அமர்த்திய காரும், வைத்தியரிடம் இரவல் பெற்ற காரும் அவ்வாறே படத்தில் தோன்றும். பழைய படப்பிடிப்பு நிலையங்களில் அட்டையில் எழுதிய விமானத்தினுள் மக்களை அமர்த்திப் படமெடுக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அத்தகைய படம் பயணத்துக்குச் சான்றாகாது. பயண ஆசைக்கே சான்றாகும். ஆசையும் வரலாற்றின் பகுதியே. ஆயினும் அதனை ஆசை என்றே குறித்தல் ஆய்வாளர் கடன். ஆண்டு வரையறையிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். எந்திரத்தின் பிறப்பாண்டு படத்தின் முன்னெல்லையை மட்டுமே தரும், பின்னெல்லையைத் தராது.

யாழ்ப்பாணத்தில் இப்பின்னெல்லை மிகத் தொலைவிற் செல்வது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளவற்றைத் திருத்தி ஓட்டுதலே வழியாயிற்று. 1990ஆம் ஆண்டின் பின் போர்ச்சூழலில் பெற்றோல் தடை வந்தபோது, உலகின் பிற இடங்களில் காட்சிப்பொருளாகிவிட்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ-40, மொறிஸ் மைனர் முதலியனவே குடாநாட்டின் உயிர்நாடியாயின. அவற்றின் எந்திரம் அமுக்கம் குறைந்தது. ஆதலால் தாழ்ந்தவகை எரிபொருளையும் ஏற்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. சில துளி பெற்றோலால் எந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரும்புகை கக்கினும் வண்டி நகர்ந்தது. நோயாளியும் கருவுற்ற தாயும் மருத்துவமனை சேர்ந்தனர். உருக்குலைந்த ஏ-40 ஒன்றின் படம் 1952ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம். 1992ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம். பிறநாட்டு அறிஞர் இடறக்கூடிய இவ்விடத்தில் இம்மண்ணின் அனுபவமே விளக்கந் தரவல்லது.

அவ்வனுபவத்தைக் கூறுவோர் குறைந்து வருகின்றனர். படங்களோ அவர்களினும் விரைந்து மறைகின்றன. 1981ஆம் ஆண்டு யூன் மாதம் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. பலாலியைச் சூழ்ந்த ஊர்மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். அவர்தம் நிலம் பல்லாண்டு உயர் பாதுகாப்பு வலயமாய்க் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளியேறிற்று. கையிற் கொண்டு செல்லக் கூடியவற்றுள் அரிசிக்கும் உடுபுடைவைக்குமே முதலிடம். படச்சட்டங்கள் சுவரிலேயே நின்றன. எஞ்சிய படங்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பிரிந்து கிடக்கின்றன. பலாலித் தளமோ 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைக்கு விமானம் பறந்தது. தடைப்பட்ட அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 1947இல் திறந்த வழி மீண்டும் திறந்தது என்பதை இளந்தலைமுறை உணர்வதற்கு, முதல் வழியின் படங்கள் அதன் கண்முன் இருத்தல் வேண்டும்.

இதன் பொருட்டுச் செய்யற்பாலன அரியன அல்ல. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஆள், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தல் முதற் கடன். மையால் எழுதின் அது மறுபுறம் ஊறும். இலக்கத் தகடு, விமானத்தின் பெயர், பின்னணியிலுள்ள பெயர்ப்பலகை ஆகியவற்றை வெட்டாது முழுப் படத்தையும் பிரதி செய்தல் இரண்டாவது. ஒரே இடத்தில் வையாது, வீட்டிலொன்றும் நூலகத்திலொன்றும் வெளிநாட்டுச் சுற்றத்தாரிடம் ஒன்றுமாகப் பிரதிகளைப் பரப்பி வைத்தல் மூன்றாவது; ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பது இம்மண் கற்ற பாடம். பாட்டனாரின் படத்திலுள்ள காரின் பெயரை அவர் வாயாலேயே கேட்டெழுதும் மாணவன், ஏட்டுச்சுவடியைப் படியெடுத்த முன்னோர் செய்த பணியையே செய்பவனாவான்.