ராஜாவின் திருவாசகமும் எங்கள் அப்பாவும்

எங்கள் வீட்டில் இளையராஜா ரசிகர் என்றால் அப்பாதான். 1976இல் வந்த 'அன்னக்கிளி'யில் தொடங்கிய பைத்தியம். உத்திரமேரூர் பக்கம் நடவு வயலில் கேட்ட பாட்டு ரேடியோவிலும் வருகிறதே என்ற சந்தோஷம் அவருக்கு.

அதே அப்பாவுக்கு 2005இல் வெளிவந்த 'திருவாசகம்' பிடிக்கவில்லை. மாணிக்கவாசகர் பாடல்களுக்கு ஹங்கேரியின் புடாபெஸ்ட் இசைக்குழுவை வைத்து ராஜா செய்த தொகுப்பு; மொத்தம் ஆறு பாடல்கள். 'பொல்லா வினையேன்' பாட்டில் அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் உண்டு. மார்கழி விடியலிலும் சாவு வீட்டிலும் வெறும் குரலில் திருவாசகம் கேட்டு வளர்ந்தவர் அப்பா. "இதுக்கு எதுக்குடா இத்தனை வயலின்? ராஜா ஊரை மறந்துட்டார்" என்றார்.

மறந்தாரா? வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. அன்னக்கிளிக்கு முன்பே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் அவர். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். ஆக, வயல்பாட்டும் வயலினும் ஆரம்பத்திலிருந்தே அவரிடம் ஒன்றாகத்தான் இருந்தன. நாம்தான் ஒன்றை மட்டும் கேட்டோம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பாதி ஒத்துக்கொண்டார். "அவர் குரல் வர்ற இடம் மட்டும் நம்ம ஊரு" என்றார்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. செய்தி பார்த்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாம எப்படா கேக்கறது?"