மூன்றாவது காகிதம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் அகப்பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹென்றி ஹேஸ்டிங்ஸ் சிப்லியின் சரித்திரத்தை அந்த ஆசையில்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் மனிதர் லேசில் வில்லனாக மறுக்கிறார்.

டெட்ராயிட் நகரத்து நீதிபதியின் பிள்ளை. சட்டம் படித்துப் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. 1834-ல், இருபத்துமூன்றாவது வயதில், அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் வியாபாரியாக மெண்டோட்டாவுக்கு வந்தார். மின்னிசோட்டா ஆறு மிஸிஸிப்பியில் கலக்கிற இடம். அன்றைக்கு வெள்ளையர் குடியேற்றத்தின் எல்லை. டகோட்டா இந்தியர்களுக்கு வெடிமருந்து, பொறி, கம்பளி எல்லாம் கடனாகக் கொடுப்பார்; வேட்டை முடிந்ததும் தோலாக வசூலிப்பார். தோல் குறைந்தால் பாக்கி பேரேட்டில் ஏறும்.

சிநேகமான மனுஷர். அவர்களோடு வேட்டைக்குப் போனார். டகோட்டாப் பெண் ஒருத்தியிடம் அவருக்கு ஒரு மகளும் பிறந்தாள். பத்திரிகைக்கு வேட்டைக் கதை எழுதும்போது 'ஹால், ஒரு டகோட்டா' என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். அதில் வேஷம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காட்டில் மிருகங்கள் அருகின. கடன் மட்டும் வளர்ந்தது. கொடுப்பதற்கு நிலம்தான் மிச்சம். சிப்லி 1849-ல் மின்னிசோட்டாப் பிரதேசத்தின் பிரதிநிதியாக வாஷிங்டனில் அமர்ந்தார். 1851-ல் டிராவர்ஸ் டெ ஸூ என்ற இடத்தில் நில ஒப்பந்தம் நடந்தது. தலைவர்கள் இரண்டு பிரதிகளில் கையெழுத்திட்டார்கள். பக்கத்திலே மூன்றாவதாக ஒரு காகிதம். அதுவும் ஒப்பந்தத்தின் பிரதி என்றே எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள். வியாபாரிகளின் பாக்கியை நிலப் பணத்திலிருந்து தீர்க்கச் சம்மதிக்கும் பத்திரம் அது! சிப்லிக்குச் சுமார் 66,000 டாலர் கிடைத்தது.

1858-ல் மின்னிசோட்டா மாநிலமாயிற்று. முதல் கவர்னர் சிப்லி.

1862 கோடையில் டகோட்டாக்களுக்குச் சேரவேண்டிய ஆண்டுத் தொகை வரவில்லை. கடைக்காரர்கள் கடன் தர மறுத்தார்கள். பசி யுத்தமாக மூண்டது. குடியேறிகள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். அடக்கப் போன படைக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? சிப்லியேதான். எதிரே நின்ற தலைவர் லிட்டில் க்ரோ அவருக்குப் பழைய அறிமுகம். ஒரு கழியில் அவருக்குக் கடிதம் செருகி வைத்துவிட்டு வந்தார் சிப்லி. வந்த பதிலில் வியாபாரிகளைப் பற்றிய முறையீடு இருந்தது.

பிறகு அவர் நியமித்த ராணுவ மன்றம், சில வழக்குகளைச் சில நிமிஷங்களிலேயே முடித்து, 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஜனாதிபதி லிங்கன் பெரும்பாலோரை விலக்கினார். 1862 டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

சிப்லி 1891 வரை கௌரவமாக வாழ்ந்தார். அவர் கட்டிய கல் வீடு மெண்டோட்டாவில் இன்னும் இருக்கிறது. கடைசிவரை தம் பாக்கி நியாயமானது என்றே அவர் எண்ணியிருக்கக்கூடும். வில்லனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் புஸ்தகத்தை மூடியிருப்பேன். நல்ல சிநேகிதர் ஒருவர் கையில் பேரேடும் பதவியும் சேர்ந்து அகப்பட்டதால் அல்லவா மனம் ஆறமாட்டேன் என்கிறது?