மலைப்பாதையில் சைக்கிள் டயர் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை!

கொல்லிமலை சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். நடுவழியில் சைக்கிள் பஞ்சர் ஆனால், கடை தேடி உருட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமா? இருட்டவும் தொடங்கி, செல்போனில் சிக்னலும் இல்லையென்றால் சிக்கல்தான். அதனால்தான் மவுன்டெயின் பைக் ஓட்டுபவர்கள் பஞ்சர் கடையையே பையில் சுமந்து செல்கிறார்கள்.

என்னென்ன வேண்டும்?

ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு பிளாஸ்டிக் டயர் லிவர், கைப்பம்பு, ஒட்டு போடும் கிட். சக்கரத்தில் நட்டு இருந்தால் ஸ்பேனரும் வேண்டும். 26, 27.5, 29 இன்ச் என டியூப் அளவு மாறும். டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். வால்வையும் கவனிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஷ்ரேடர். ஒல்லியாக, நுனியில் குட்டித் திருகோடு இருப்பது பிரெஸ்டா. அந்தத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பம்பு பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மாற்றலாமா, ஒட்டலாமா?

வழியில் டியூபை மாற்றுவதுதான் வேகமான வேலை. ஒட்டு என்பது இரண்டாவது பஞ்சருக்கு. சொல்யூஷன் தடவி, அது காய்ந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு வைத்தால் பிடிக்கவே பிடிக்காது.

பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் வேலை சுலபம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. பேடுகள் நெருங்கிவிட்டால் சக்கரம் திரும்ப உள்ளே போகாது.

கோட்டை விடும் இடம்

புது டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் போச்சு! முள்ளே இல்லை, டியூபில் அருகருகே இரண்டு கீறல் என்றால் அதற்குப் பெயர் 'பாம்புக் கடி'. காற்று குறைவாக இருந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடிக்க வேண்டும்.

டயரே கிழிந்துவிட்டால்? பத்து ரூபாய் நோட்டை மடித்து உள்பக்கம் வைத்து டியூபை மாட்டினால், மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேரலாம்.

டியூப்லெஸ் என்றால் கவலை இல்லையா?

சின்ன ஓட்டைகளை உள்ளே இருக்கும் சீலன்ட் திரவமே அடைத்துவிடும். ஆனால் சில மாதங்களில் அது காய்ந்துவிடும், பெரிய கிழிசலையும் அடைக்காது. அதனால் டியூப்லெஸ் ஓட்டுபவர்கள் பையிலும் ஒரு டியூப் இருக்கும்.