ஓட்டமும் நிறுத்தமும்



தெமட்டகொடையில் வாழ்பவர்க்குச் சக்கரங்களின் ஓசை புதியதன்று. ஒருபுறம் புகையிரத எஞ்சின்கள் தங்கிச் செல்லும் கொட்டகை. மறுபுறம் பேஸ்லைன் வீதியின் ஓயாத வாகன வரிசை. சற்றுத் தூரத்தில் மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் நெருங்கி நிற்கும் பஞ்சிகாவத்தை.

சில மாதங்களுக்கு முன்னர், என்னிடம் கல்வி பயின்ற இளைஞன் ஒருவன் பாடசாலைக்கு வந்தான். கையில் ஒரு சிறு பெட்டி. "சேர், இது பந்தயக் காருக்குப் போடும் பிரேக் பேட். இனி எவ்வளவு வேகமாகவும் ஓடலாம்" என்றான். ஆசிரியத் தொழிலில் என்னிலும் இளையோரின் மரண வீட்டு வாயிலில் நான் நின்ற நாட்கள் உண்டு. அவற்றுள் இரண்டு, வீதி விபத்தால் வந்தவை. ஆதலால் அவனை அமரச் செய்தேன். நான் சரித்திரம் கற்பித்தவன். மோட்டார் வல்லுநன் அல்லன். எனினும் சரித்திரத்தைக் கொண்டே அவனுக்கு விடை கூறினேன்.

இந்நாட்டில் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867 இல் பாதை கண்டியை எட்டிற்று. கடுகண்ணாவைச் சாய்வில் ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஏறுவதற்கு நீராவியின் வலிமை போதும். இறங்குவதற்கோ சக்கரத்தைப் பற்றி நிறுத்தும் தடை வேண்டும்.

தடை பிழைத்தால் நேர்வது யாது? 1889 இல் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே, ஞாயிறு பாடசாலைச் சிறுவரை ஏற்றிச் சென்ற புகையிரதம் மேட்டில் ஏறமாட்டாது நின்றது. பெட்டிகளைப் பிரித்தபோது, பின்னிருந்தவை தடையிழந்து பின்னோக்கி உருண்டு, எதிரே வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். அதே ஆண்டில், பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கித் தடை வேண்டுமெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. இணைப்பு அறுந்தால் தடை தளராமல் தானாகவே இறுகவேண்டும் என்பதே அதன் தத்துவம். எண்பது உயிர்களின் விலையில் வந்த தத்துவம் அது.

மோட்டார் வண்டியின் கதையும் இத்தகையதே. 1888 இல் பெர்தா பென்ஸ் அம்மையார் மன்ஹைம் நகரிலிருந்து தம் மைந்தர் இருவருடன் நெடும்பயணம் சென்றபோது, மரத் தடைக்கட்டைகள் தேய்ந்துபோயின. வழியிலே ஒரு சப்பாத்துத் தொழிலாளியைக் கொண்டு அவற்றில் தோல் அடிக்கச் செய்தார். இன்றைய பிரேக் பேட்டின் மூதாதை அத்தோல் துண்டே எனலாம். 1897 இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் தடைகளுக்கெனத் தனிப் பொருள் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்னும் பெயர் அவருடைய நிறுவனத்தினுடையதே. வெப்பத்தைத் தாங்கும்பொருட்டு அவர் கல்நார் சேர்த்தார். அக்கல்நாரின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னர் வெளிப்பட்டது. பிரித்தானியா அதனை 1999 இல் முற்றாகத் தடைசெய்தது. பழைய பேட்டைக் கழற்றும்போது தூசியைக் காற்றால் ஊதாது ஈரத் துணியால் துடைக்கவேண்டும் என்பதும் இதனாலேயே.

வட்டத் தட்டை இருபுறமும் நெரிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் 1902 இலேயே காப்புரிமை பெற்றார். எனினும் 1953 இல் லு மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் அத்தகைய தடையுடன் வென்ற பின்னரே உலகம் அதனைப் பெரிதும் மதித்தது. மூடிய ட்ரம்மினுள் வெப்பம் சிறைப்படும். திறந்த தட்டிலோ அது காற்றிற் கலந்துபோகும்.

ஆம், தடை என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவியே. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பந்தயப் பேட் நூற்றுக்கணக்கான பாகை சூடேறிய பின்னரே முழுப்பிடி தரும். மழை பெய்யும் காலையில் பேஸ்லைன் வீதியில் ஒரு சிறுமி குறுக்கே ஓடினால் அது சூடேறியிராது. ஆதலால் குளிரிலும் பற்றுவதும், மலையிறக்கத்தின் சூட்டிலும் தளராததுமான வீதிப் பேட்டே வேண்டும். பேட்டின் விளிம்பிலுள்ள எழுத்துக்களை நோக்குங்கள்: ஈ என்பதிலும் எஃப், எஃப் என்பதிலும் ஜி மிகுந்த உராய்வைக் குறிக்கும். முதலெழுத்துச் சாதாரண வெப்பத்துக்கு. இரண்டாவது மிகு வெப்பத்துக்கு.

மாற்றும் முறையும் மரபுடையது. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்றவேண்டும். தட்டில் எண்ணெய் படலாகாது. தட்டின் தடிப்பையும் அளந்து பார்க்கவேண்டும். பிஸ்டனைப் பின்தள்ளும்போது பிரேக் எண்ணெய் பொங்கி வழியாது கவனிக்கவேண்டும். அவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏறினால் எளிதிற் கொதித்து, மிதித்த மிதி வீணாகும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் மிதி இறுகும் வரை பலமுறை மிதிக்கவேண்டும். இதை மறந்து வீதிக்கு இறங்கினால் முதல் மிதிக்கு வண்டி நில்லாது. பின்னர் ஆளில்லா வீதியில், மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 20 க்குக் குறைத்தல் பத்து முறை. முற்றாக நிறுத்தாது சற்று ஆறவிட்டுச் செய்தால், புதிய பேட் தட்டோடு பொருந்தும்.

இவற்றைக் கேட்ட இளைஞன் தலைகுனிந்திருந்தான். மறுவாரம் வந்தபோது கையில் வேறு பெட்டி இருந்தது. "மாற்றிவிட்டேன், சேர். விலை குறைவு" என்றான். "விலை அறிவேன், அது எண்பது உயிர்" என்றேன்.

ஓடுவதற்குப் பொறி போதும். நிற்பதற்கு அறிவு வேண்டும். நிற்கத் தெரிந்தவனுக்கே வேகம் உரியது.