சுங்கச்சாவடிக்குப் பக்கத்து வீடுகள்

1990-களின் கடைசிக்கும் 2000-களின் தொடக்கத்துக்கும் இடையில் நியூஜெர்சி, பென்சில்வேனியா சுங்கச்சாவடிகளுக்கு ஈசி-பாஸ் வந்தது. கண்ணாடியில் ஒட்டிய சின்னக் கருவி. நின்று சில்லறை தேட வேண்டாம். வரிசையும் நேரமும்தான் அப்போதைய கவலை.

நின்று நின்று கிளம்பும் வண்டிதான் அதிகம் புகை கக்கும். வரிசை கரைய, புகையும் குறைந்தது. ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற பொருளியலாளர்கள் பிறப்புப் பதிவுகளைப் புரட்டினார்கள். சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களை, 2 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2011-இல் வெளியான முடிவு: பக்கத்தில் இருந்தவர்களிடம் குறைமாதப் பிரசவம் 10.8 சதவீதம், எடை குறைந்த குழந்தைகள் 11.8 சதவீதம் குறைவு.

எனக்கு உடனே சந்தேகம். வசதியானவங்க அங்கே குடிவந்திருப்பாங்களோ? அதையும் பார்த்திருக்கிறார்கள். வீட்டு விலையோ தாய்மார்களின் பின்னணியோ உடனே மாறவில்லை. மாறியது காற்று.

இத்தனைக்கும் இவர்கள் வரிசையில் நின்றவர்கள் இல்லை, பக்கத்தில் குடியிருந்தவர்கள். மென்பொருள் எழுதுகிற நாங்கள் பயனர் என்று எண்ணுவது கருவி வாங்கியவரை மட்டும்தான்.

2021 பிப்ரவரியில் இங்கே ஃபாஸ்டேக் கட்டாயமானபோது, ஆபீஸில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். சாவடியோரம் வெள்ளரிக்காய் விற்கிற அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை.