பன்னீர் திராட்சை பிறந்த கதை

எட்டயபுரத்துக் கரிசலில் பருத்தி வரும், மிளகாய் வரும், கம்பு வரும், திராட்சை வராது. ஆனாலும் பேருந்து நிலையத் தள்ளுவண்டியில் கறுப்புப் பன்னீர் திராட்சை இல்லாத நாள் அபூர்வம். எல்லாம் கம்பம் பள்ளத்தாக்கின் புண்ணியம். மகாராஷ்டிரத்துத் திராட்சைக்கு ஆண்டில் ஒரு பருவம்தான். கம்பத்துக்காரர்கள் கவாத்தை முறை வைத்து வெட்டி, இரண்டு ஆண்டில் ஐந்து காய்ப்பு எடுத்துவிடுகிறார்கள். 2023இல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தக் கொடி எப்படி வந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான்: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்டார். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், முத்துசுவாமி தீட்சிதர் இங்கே காலமாவதற்கு மூன்று ஆண்டு முன்பு. கதையில் நியாயம் இல்லாமல் இல்லை. பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். அது திராட்சையிலிருந்து மட்டுமே ஆனதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைவிட ஒரு கொடியை ஊன்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஆண்டு இடிக்கிறது. கம்பத்துப் பந்தலில் இன்று தொங்குவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பெயரில்தான் ஜெர்மானிய ஊர், பிறந்தது இங்கிலாந்தில். பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ, 1850ஐ ஒட்டி, கண்ணாடிக் குடிலில் வளர்த்தெடுத்தது. கறுப்பு ஹாம்பர்க் ஒரு பக்கம், அலெக்சாந்திரியா மஸ்கட் மறுபக்கம். டிஎன்ஏ சோதனையும் இந்தப் பெற்றோரை உறுதி செய்துவிட்டது. அப்படியானால் 1832இல் வந்த பாதிரியார் கையில் இந்தக் கொடி இருந்திருக்க வழியில்லை. அவர் வேறு ஏதோ திராட்சையை நட்டிருக்கலாம். இது பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்பது என் ஊகம். முதலில் நட்டவருக்குக் கதை அமைந்துவிடுகிறது. அப்புறம் நல்ல குச்சியாகப் பார்த்து மாற்றி வைத்த சம்சாரியை யார் நினைக்கிறார்கள்?

பழத்தை விரலால் அழுத்தினால் தோல் விரலில் நிற்கும், சதை விதையோடு வழுக்கி வாய்க்குள் போகும். தோலைத் துப்பிவிடாதீர்கள், வாசனையில் பெரும்பங்கு அதில்தான். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் இதிலும் உண்டு, லினலூலும் உண்டு. மஸ்கட் இனத்து வைனை இனிப்பாகவே பலர் விரும்புவதற்கும் இந்த மணம்தான் காரணம். ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டால், மூக்குக்குப் பூ மணக்கும், நாக்கில் லேசான கசப்பு தட்டும். குடிப்பவர் ஏமாந்துபோவார். அதனால் தெற்கு பிரான்ஸில் ரிவ்சால்ட், ஃப்ரோன்டின்யான் ஊர்க்காரர்கள் நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு நம் பக்கத்து வீடுகளில் பரணியில் போடும் திராட்சை வைனில் அந்த வேலையைச் சீனி பார்த்துக்கொள்கிறது. தாராளமாகத்தான்.

அதோடு என்ன தின்பது? தூத்துக்குடியில் கேட்டால் கை தானாக மக்ரூனை நோக்கிப் போகும். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை. வாயில் வைத்ததும் கரையும். எனக்கு ஒப்புதல் இல்லை. தின்பண்டம் வைனைவிட இனிப்பாக இருந்தால், அடுத்த மடக்கில் வைன் புளித்துப்போன மாதிரி இருக்கும். சாத்தூர் காராசேவு வைத்துப் பாருங்கள்: உப்பும் உறைப்பும் நாக்கைச் சீண்ட, இனிப்பு வந்து ஆற்றும். மிளகு தூக்கலாகப் போட்ட நண்டு வறுவல் இன்னும் மேல். நண்டுச் சதையின் மெல்லிய இனிப்பு வைனுக்கு இடைஞ்சல் செய்யாது. உப்பு போட்டு வறுத்த முந்திரியும் சரிதான். மக்ரூன் டீயோடு போகட்டும்.