காவலும் அச்சமும்: ஒரு முறையீட்டின் வரலாறு

காவல் என்னும் சொல்லின் மேன்மைக்குத் திருவண்ணாமலை வட்டாரத்தில் கல்லிலேயே சான்று உண்டு. செங்கம் பகுதி நடுகற்களுள் எடுத்தனூர்க் கல் புகழ்பெற்றது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இலக்கணம் கரந்தை என்று வகுத்த ஒழுக்கம் இது. காப்பவன் ஊரில் ஒருவன், ஊருக்காகச் சாகிறவன். ஆகவே ஊர் அவனைக் கல்லாக்கி வணங்கியது.

காவலனைக் கண்டு நடுங்கும் நிலையும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மீண்டும் ஒருமுறை வாசிப்போம். கோவலனைப் பார்த்ததும் காவலர்கள் இவன் கள்வன் அல்லன் என்றே கருதுகின்றனர். பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை அடுக்கி அவர்களின் ஐயத்தை அச்சமாக மாற்றுகிறான். அவர்களுள் அறிவற்ற ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஆயினும் கண்ணகிக்கு ஒரு வாயில் திறந்திருந்தது. முறையிட்டவளை மன்னன் உள்ளே அழைத்தான், கேட்டான், தன் பிழையைத் தானே ஏற்றான். காவலின் பிழையைக் கேட்பதற்குக் காவலர்க்கு மேலே ஒரு செவி இருந்தது என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

கும்பினி ஆட்சியில் அந்தச் செவி இல்லாது போயிற்று. திருவண்ணாமலை அப்போது தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டிய வருவாய்த்துறை ஊழியர்களிடமே காவல் அதிகாரமும் இருந்தது. வரி கட்ட இயலாதவனும் திருட்டுக்கு ஐயுறப்பட்டவனும் ஒரே கையில் சிக்கினர். விரல்களை நெரிக்கும் கிட்டியும், தலையைக் குனியவைத்துக் காலோடு பிணைக்கும் அண்ணாந்தாளும் அக்காலத்து விசாரணைக் கருவிகள். இலண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளை அடுத்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது; 1855இல் அதன் அறிக்கை வந்தது. நேரில் வந்தோர் 519 பேர், கடிதம் வழி 1,440 என மொத்தம் 1,959 முறையீடுகள். அறிக்கை கொடுமையை ஒப்புக்கொண்டது. பழியையோ கீழ்நிலை இந்திய ஊழியர்மேல் சுமத்தி வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. வரிச்சுமையை ஏற்றியவர்கள் யார் என்ற வினாவைக் கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையைக் கொண்டே எழுப்பினார்.

நம் மக்கள் இயல்பாகவே அதிகாரத்துக்கு அஞ்சி வாய்மூடிக் கிடப்பவர்கள் என்பார் உண்டு. அந்த 1,959 என்ற எண் அதை மறுக்கிறது. அடித்தவனிடமே போய் முறையிட அஞ்சியவர்கள், கேட்பதற்கு வேறொருவர் வந்ததும் பேசிவிட்டார்கள்.

அறிக்கையை ஒட்டி 1859இன் 24ஆம் சட்டம் வருவாயிலிருந்து காவலைப் பிரித்துத் தனித்துறை ஆக்கியது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்னும் விதி 1861இல் பிறந்து, 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இதன் பொருளை நாம் ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் சொல்லப்பட்டதைச் சட்டமே நம்ப மறுக்கிறது. மக்களின் அச்சத்தை அறியாமை என்று எவ்வாறு தள்ளுவது?

அண்மைக் கதைகள் அந்த அச்சத்தைப் புதுப்பிக்கின்றன. அண்டை மாவட்டமான தருமபுரியின் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்தே நுழைந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். விசாரணை மாநிலக் காவல்துறையின் கையைவிட்டு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்ற பின்னரே வழக்கு நகர்ந்தது. 2011இல் 215 பேர் தண்டிக்கப்பட்டனர்; 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடுகற்கள் நிற்கும் செங்கத்திலேயே 2016 ஜூலையில் கணவன், மனைவி, மகன் மூவரையும் காவலர்கள் நடுத்தெருவில் தடியால் அடித்த காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. 2025 செப்டம்பர் இறுதியில், ஆந்திரத்திலிருந்து வந்த வாகனத்தை இரவு ரோந்தில் நிறுத்தி, அதிலிருந்த இளம்பெண்ணை வன்கொடுமை செய்த குற்றச்சாட்டில் திருவண்ணாமலைக் காவலர் இருவர் கைதாகி, பணியிலிருந்தும் நீக்கப்பட்டனர். இருட்டில் சீருடை கைகாட்டினால் வண்டியை நிறுத்துவது நம்பிக்கையின் செயல் அல்லவா? அந்த நம்பிக்கையே அங்கே காயப்பட்டது.

இதே ஊரில் கார்த்திகைத் தீபத்தன்று நெரிசலில் குழந்தையைத் தவறவிட்ட தாய் முதலில் தேடுவது காக்கிச் சட்டையைத்தான். இரவெல்லாம் கால்கடுக்க நிற்கும் காவலரும் அவளை ஏமாற்றுவதில்லை. அச்சமும் நம்பிக்கையும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன. பட்டப்பகலில் பல்லாயிரம் கண்கள் பார்க்க நிற்கும் காவலரை நம்புகிறோம். கண்கள் இல்லாத அறையில் அஞ்சுகிறோம்.

‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்னும் பலகை இந்த அச்சத்தைப் போக்காது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்மீதான புகார்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் தனி அமைப்புகள் வேண்டும் என்றது. தமிழகத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் உயர் அதிகாரிகளை உறுப்பினராக்கியது. வருவாயும் காவலும் மீண்டும் ஒரே மேசையில் அமர்ந்தன. 1855இன் மூவரும் அன்னியர்தாம்; எனினும் அடித்த கையும் கேட்கும் செவியும் வேறாக இருக்க வேண்டும் என்னும் பாடத்தை அவர்களிடம் வந்து பேசிய ஏழை உழவர்கள் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். பாண்டியன் அரண்மனை வாயிலைப்போல ஒரு வாயில் மாவட்டந்தோறும் திறக்கும்வரை, செங்கத்துக் கல்லில் நிற்பவனைக் கும்பிடும் நம் மக்கள் காவல் நிலையப் படியில் தயங்கித்தான் நிற்பார்கள்.